இத்தாவில் மாற்றிய ஒயில்

என் கணவர் மௌத்தாகிக் கண்ணை மூடியபோது சாமான் அறையில் நான்கு போத்தல் ஒயிலை விட்டுவிட்டுப் போனார். காரின் கியர்பொக்ஸுக்கு ஊற்றுவது. காரைச் செய்த கொம்பனியின் சொந்த ஒயில் அல்ல. வேறொரு கொம்பனி பல வகைக் கார்களுக்கும் பொருந்தும் என்று செய்து விற்கிற ஒயில். "ஞாயித்துக்கிழமை நானே மாத்துறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எந்த ஞாயிறு என்று சொன்னதில்லை. அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் வரும், போகும். குழாய் ஒழுகும், கதவு உராயும், அவர் மீன் வாங்கப் போய்விடுவார். கல்யாணமான காலத்திலிருந்து நான் இதற்காக அவரோடு சண்டை பிடித்தவள். இனிச் சண்டை பிடிக்க ஆள் இல்லை என்பது அந்தப் போத்தல்களைப் பார்த்தபோதுதான் எனக்கு முதலில் விளங்கியது.

கார் சின்னது, ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்தது. என் பெயரில் இருக்கிறது. எத்தாளையில் எங்கள் வீட்டிலிருந்து நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போய்வருவேன். தூரப் பயணம் என்றால் அவர் ஓட்டுவார். கியரை நாம் மாற்ற வேண்டியதில்லை. உள்ளே பல்லுச் சக்கரங்களுக்குப் பதிலாக ஓர் இரும்புப் பட்டி ஓடுகிறதாம். அந்தப் பட்டி வழுக்காமல், தேயாமல் இருப்பது ஒயிலின் கையில் இருக்கிறதாம். கடைசி மாதங்களில் நின்ற இடத்திலிருந்து புறப்படும்போதெல்லாம் கார் உதறத் தொடங்கியிருந்தது. கொம்பனி ஒயில் புத்தளத்தில் எந்தக் கடையிலும் இல்லை. கொழும்பில் கேட்டால் வரும், வரும் என்றார்கள். ஆகவே அவர் இந்த வெளி ஒயிலை வாங்கி வந்தார்.

அவருடைய ஊர் முந்தல். அங்கே வாப்பாவின் தென்னங்காணியில் அவருக்கு ஒரு பங்கு இருந்தது. தேங்காய் பறிக்கிற நாளில் போய் நிற்க வேண்டும். அன்று அவர் காரை எடுக்கவில்லை. "நடுவழியில நிண்டா தள்ளுறதுக்கு நீயும் இல்ல" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் போனார். காணியிலேயே நெஞ்சு நோவு வந்தது. என் நானா, அதாவது என் மூத்த சகோதரர், தன் வான் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு முந்தலுக்குப் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி முடித்திருந்தார்கள். முகத்தைக் காட்டினார்கள். பிறகு ஆண்கள் அவரைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு அடக்கம் செய்ய மையவாடிக்குப் போனார்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் அங்கே போவதில்லை. நான் வாசற்படிக்கு உள்ளே நின்று, கலிமாச் சத்தம் வேலியைத் தாண்டி ரோட்டைத் தாண்டிக் கேட்காமல் போகும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

கார் நன்றாக இருந்திருந்தால் என்று தொடங்கும் கணக்கை நான் போடுவதில்லை. போடத் தொடங்கினால் அது ஓர் இடத்திலும் நிற்காது. காரில் போயிருந்தால் ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு வந்திருப்பார் என்று ஒரு நாள் தோன்றும். ஓட்டிக்கொண்டு வரும்போதே நெஞ்சு நோவு வந்திருக்கும் என்று மறுநாள் தோன்றும். அல்லாஹ் எழுதியது எழுதியதுதான் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தேன்.

அன்றைக்கே இத்தா தொடங்கியது. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்காமல், அந்நிய ஆண்களின் முன்னே வராமல், நகையும் அத்தரும் இல்லாமல் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் அதற்கு லீவு தந்தார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முதல் சில நாட்கள் வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள், யாசீன் ஓதினார்கள், அழுதார்கள். பிறகு அவரவர் பாடு அவரவருக்கு. நான் இருந்தேன், வெள்ளை உடுப்பும் நானுமாக.

இருந்து இருந்து யோசித்ததில் எனக்கு ஒரே ஓர் ஆசைதான் மிஞ்சியது. அவரை எங்கே வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு மனிதரோடு அத்தனை வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டு, அவர் இப்போது எந்த மண்ணில் கிடக்கிறார் என்று தெரியாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அதே நினைவு. அந்த இடத்தில் நிழல் இருக்கிறதா, வெயிலா என்றுகூடத் தெரியாதே என்று அழுகை வரும்.

நானாவிடம் கேட்டேன். அவர் என் வீட்டுக்குக் கிட்டத்தான் இருக்கிறார். அநேகமாக ஒவ்வொரு பின்னேரமும் மீனோ மரக்கறியோ கொண்டுவந்து குசினி வாசலில் வைப்பார்.

"நானா, இத்தா முடிஞ்சதும் என்ன முந்தலுக்குக் கூட்டிட்டுப் போங்க. மையவாடியப் பாக்கணும்."

"பொம்பளையாக்கள் போறல்ல புள்ள."

"உள்ளுக்குப் போகல்ல. மதிலுக்கு வெளியில நிண்டு பாக்குறன்."

"இங்க இருந்து துஆ கேட்டா அங்க போய்ச் சேரும். அதுக்கு வான் தேவயில்ல."

அதற்கு மேல் அவரிடம் கதை இல்லை. கதவை அடைத்தால் அடைத்ததுதான். சின்ன வயதிலிருந்தே அவர் அப்படி. நானும் அப்படித்தான் என்று என் கணவர் சொல்லுவார்.

சில நாட்களில் நானா இன்னொரு கதையோடு வந்தார். ஆலங்குடாவில், வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற இடத்தில், ஒருவர் விடுதி நடத்துகிறார். அவருக்கு ஆட்களை ஏற்றி இறக்க ஒரு சின்னக் கார் வேண்டுமாம். உதறலை அவரே பார்த்துக்கொள்வாராம்.

"ஒரு பொம்பள தனிய இருந்து அத வச்சு என்ன செய்யப் போறா? பள்ளிக்கூடத்துக்கு நான் கொண்டு போய் உடுறன். கடைக்கும் நான் கூட்டிட்டுப் போறன்."

அவர் கெட்டவரென்றால் எனக்கு லேசாக இருந்திருக்கும். சொன்னதைச் செய்வார். என்னை எங்கும் கூட்டிக்கொண்டு போவார், ஆனால் நான் போகலாம் என்று அவர் நினைக்கிற இடங்களுக்கு மட்டும். முந்தல் அதில் இல்லை. கார் போனால் அந்த மண்ணை நான் ஒருநாளும் பார்க்க மாட்டேன் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"நானா, கார் என்ட பேர்ல இரிக்கி. அவர் வாங்கி வச்ச ஒயில ஊத்திட்டு, இத்தா முடிஞ்ச அண்டைக்கு அதில ஒரு பயணம் போய்ட்டு வாறன். ஒழுங்கா ஓடினா விக்கல்ல. நடுவழியில நிண்டா அங்கேயே வச்சு விடுதிக்காரருக்குக் குடுத்துடுங்க."

"அந்த ஒயில வச்சா பயணம் போகப் போறா? வெளிக் கொம்பனி ஒயில ஊத்தினா உன்ட கார் படலையும் தாண்டாது."

"பாப்பம்."

எந்தப் பயணம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் ஒயிலைப் பற்றிச் சொன்னது வெறும் எகத்தாளமில்லை என்பது எனக்குத் தெரியும். காரோடு வந்த புத்தகம் ஜப்பான் மொழியில் இருக்கிறது. போனின் கமராவைப் பிடித்தால் அது மொழிபெயர்த்துக் காட்டும். கியர்பொக்ஸ் ஒயிலை அது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயரில் சொன்னது. ஆனால் ஒரு விஷயத்தை மாற்றாமல் சொன்னது. தங்கள் ஒயிலைத் தவிர வேறொன்றும் ஊற்றக்கூடாது, ஊற்றினால் தாங்கள் பொறுப்பில்லை. போத்தலின் லேபலில் பொடி எழுத்தில் கார்க் கொம்பனிகளின் ஒயில் வகைகள் வரிசையாக இருந்தன. எங்கள் புத்தகத்தில் உள்ள வகையின் எழுத்தும் இலக்கமும் அதில் அப்படியே இருந்தன. ஆனால் லேபலில் எதையும் அச்சடிக்கலாம். போனில் தேடினேன். இதை ஊற்றி வருடக்கணக்கில் ஓடுகிறேன் என்று ஒருவர். இதை ஊற்றித்தான் என் கியர்பொக்ஸ் செத்தது என்று இன்னொருவர். இருவரும் சத்தியம் பண்ணினார்கள்.

கொம்பனி ஒயில் வரும் வரை காத்திருந்தால் இத்தாவும் முடிந்துவிடும், காரும் ஆலங்குடாவுக்குப் போய்விடும். அது ஒரு காரணம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் போத்தல்களை அவர் வாங்கி வைத்தார். நான் வேறொன்றை ஊற்றினால் அவை அப்படியே அறையில் கிடக்கும், தூக்கி எறியவும் கை வராது. அவர் செய்ய நினைத்த ஒரு வேலையாவது முடியட்டும் என்று ஒரு வைராக்கியம் வந்தது.

கராஜ்காரரை வீட்டுக்குள் கூப்பிட முடியாது. நானா செய்ய மாட்டார். தன் கையே தனக்குதவி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான், இப்போது எனக்கே அது பாடமாக வந்தது. ஆனாலும் ஒரு கை போதாது. பக்கத்து வளவில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். புருஷன் கடலுக்குப் போகிறவர். அவருக்கு இடுப்பில் நாரி நோவு வந்ததிலிருந்து படகு இஞ்சினின் சில்லறை வேலையெல்லாம் அவருடைய மனைவிதான் செய்கிறாள். என்னை விட இளையவள், எதற்கும் பயமில்லாதவள். வேலிக்கு மேலால் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இவ்வளவுதானா டீச்சர்? நான் போட்டுக்கு எத்தின தரம் மாத்தி இருக்கிறன்."

நானாவின் மனைவிதான் முகத்தைச் சுளித்தாள். "இத்தாவில இரிக்கிற பொம்பள காருக்குக் கீழ பூந்தா சனம் என்ன செல்லும் மதினி?" என்றாள். வளவுக்கு உள்ளேதான் இருக்கிறேன், அத்தர் பூசக்கூடாது என்றுதான் சட்டம், இந்த எண்ணெய் அத்தர் வகையில் சேராது என்றேன். பழைய ஒயிலின் மணத்தை அவள் அறிந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டாள்.

காரின் வயிற்றைப் பார்க்கவென்று என் கணவர் வளவில் இரண்டு சீமெந்துக் கல் மேடை கட்டியிருந்தார், நான்கு சில்லும் ஏறி நிற்கும்படி. அவர் கட்டிய எதையும் போல அதுவும் பின்பக்கம் சரிவு. கார் மட்டமாக நிற்க வேண்டும் என்று படித்திருந்தேன். மேசன்மார் செய்வது போல ஒரு தெளிந்த குழாயில் தண்ணீர் விட்டுப் பிடித்துப் பார்த்து, பின் சில்லுகளுக்குப் பலகை வைத்தேன். அவர் இருந்தால் கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் போயிருப்பார். வெள்ளை உடுப்பு பழுதாகிவிடும் என்று அவருடைய பழைய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கீழே படுத்தேன். சேர்ட்டில் அவருடைய வியர்வை மணம் இருக்கவில்லை, கழுவிவிட்டிருந்தேன். கழுவியதற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது.

கியர்பொக்ஸின் அடியில் ஒரு மூடி. அதைக் கழற்றினால் உள்ளே விரல் நீளத்தில் ஒரு சின்னக் குழாய் நிமிர்ந்து நிற்கிறது, ஒயில் அதன் தலை மட்டத்துக்கு மேலே வந்தால் அதன் வழியே கீழே வழியும். அந்தக் குழாயையும் கழற்றினால்தான் ஒயில் முழுக்க இறங்கும். கறுப்பாக, கருகின மணத்தோடு இறங்கியது. எல்லாம் இறங்குவதில்லை, கொஞ்சம் உள்ளே மூலை முடுக்குகளில் தங்கிவிடும். அதை யாராலும் எடுக்க முடியாது, புதியது அதோடு கலந்துதான் ஓட வேண்டும். இறங்கியதை ஒரு வாளியில் பிடித்து, மூடி வைத்தேன்.

பிறகு குழாயைத் திரும்ப மாட்டிவிட்டு, மேலே உள்ள துவாரத்தில் புனலும் நீளக் குழாயும் வைத்து அவள் புது ஒயிலை ஊற்றினாள். நான் கீழே படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போட் இஞ்சினுக்கு கீழ் ஓட்டையால ஏத்திக்கொண்டு போறது டீச்சர். மேல் ஓட்டையால வந்துட்டா நிரம்பிட்டுது எண்டு அர்த்தம். மூடிட வேண்டியதுதான். இதுவும் அப்பிடித்தானே? குழாயால வழிஞ்சா நிரம்பிட்டுது."

ஓம் என்று எனக்கும் பட்டது. புத்தகத்திலும் வழியும் வரை ஊற்று என்றுதான் இருந்தது. குழாயால் ஒயில் வழிந்தது. நன்றாகச் சொட்டுவதைப் பார்த்துவிட்டு மூடியை இறுக்கினேன். இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மௌத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சந்தோஷமாக இருந்தது, அதனால் உடனே குற்றமாகவும் இருந்தது.

மறுநாள் சாமான் அறையை ஒதுக்கும்போது புது ஒயில் கனக்க மிஞ்சியிருப்பதைக் கண்டேன். வாளியில் கிடந்த பழைய ஒயிலை வெற்றுப் போத்தல்களில் ஊற்றிப் பார்த்தேன். உள்ளே போனதை விட வெளியே வந்தது நல்லாகவே கூட. கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? கொஞ்சம் சிந்தியிருக்கலாம். ஆனால் நாங்கள் சிந்தியது புதியதைத்தான், பழையதை அல்ல.

திரும்பவும் புத்தகத்தை எடுத்து, போனைப் பிடித்து, அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்தேன். நேற்று நான் வழியும் வரை ஊற்று என்பதோடு நிறுத்தியிருந்தேன். அடுத்த வரிகளில் மீதி இருந்தது. ஊற்றி மூடிய பிறகு இஞ்சினை ஓட விட வேண்டும், கியர்க் கம்பை முன்னோட்டம், பின்னோட்டம் என்று ஒவ்வோர் இடத்திலும் போட்டு எடுக்க வேண்டும், ஒயில் இளஞ்சூடு ஏறியதும் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அப்போது சொட்டினால்தான் நிரம்பியது. இஞ்சின் நிற்கும்போது ஒயிலெல்லாம் கீழே வந்து தேங்கும். ஓடும்போது மேலே ஏறிப் பட்டிக்கும் மற்றதுக்கும் போய்விடும். நாங்கள் பார்த்தது தேங்கி நின்ற மட்டம். அப்படியே ரோட்டில் இறக்கியிருந்தால் பட்டி அரைகுறை ஒயிலில் ஓடியிருக்கும். அரைக் கிணறு தாண்டியவள் கதைதான்.

படகு இஞ்சினைக் கரையில் நிறுத்தி வைத்துத்தான் ஒயில் மாற்றுகிறோம். எங்கள் கரையில் பிறந்த யாரைக் கேட்டாலும் இந்தப் பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். அவளுக்கு வேலிக்கு மேலால் விஷயத்தைச் சொன்னபோது நம்பவில்லை.

"இஞ்சின ஓட விட்டிட்டு அடி மூடியக் கழட்டுறதா? பைத்தியமா டீச்சர்?"

"வா, பாப்பம்."

சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, நான் ஆசனத்தில் ஏறி இஞ்சினைப் போட்டேன். பிரேக்கை மிதித்தபடி கியர்க் கம்பை ஒவ்வோர் இடமாக மாற்றி, பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு கீழே படுத்து, கியர்பொக்ஸின் அடித்தட்டில் உள்ளங்கையை வைத்தேன். காய்ச்சல்காரரின் நெற்றி அளவு சூடு ஏறியதும் மூடியைக் கழற்றினேன். ஒரு சொட்டும் வரவில்லை. தலைக்கு மேலே இஞ்சின் உறுமிக்கொண்டிருக்க அந்த வெறும் துவாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"ஊத்து தங்கச்சி" என்றேன். ஊற்றினாள். இன்னும் ஊற்றச் சொன்னேன். மிச்சமிருந்ததில் பெரும்பகுதி போன பிறகுதான் குழாயால் ஒரு நூல் மாதிரி வந்தது. பிறகு சொட்டுச் சொட்டாக ஆனது. மூடினேன். எழும்பி வந்து பார்த்தபோது அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டிருந்தாள். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

இனி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஓட்டத்தான் முடியாது. இத்தா முடிய இன்னும் வாரங்கள் இருந்தன. படலையிலிருந்து கிணறு வரை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தேன். அவ்வளவு தூரத்தில் எந்தக் காரும் உதறாது. மீதி நாளெல்லாம் மனதுக்குள்தான் ஓட்டினேன். தொழுகையில் நிற்கும்போதுகூட பாலாவிச் சந்தி வந்துவிடும். கல்பிட்டி ரோட்டிலிருந்து கொழும்பு ரோட்டில் வலது பக்கம் திரும்ப வேண்டிய இடம், லொறிகள் நிற்காமல் வரும் இடம். அங்கே கார் உதறி நின்றால் என்று நினைப்பேன். ஸஜ்தாவில் இருந்துகொண்டு கியர்பொக்ஸை நினைக்கிறேனே என்று வெட்கமாக இருக்கும். ஆனால் நான் நினைத்தது கியர்பொக்ஸை அல்ல என்று படைத்தவனுக்குத் தெரியும்.

இத்தா முடிந்த காலையில் குளித்து, தொழுது, காரை வெளியே எடுத்தேன். நானா படலையில் நின்றார்.

"எங்க பயணம்?"

"முந்தலுக்கு."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சில்லைப் பார்த்தார், மேடையில் கிடந்த பலகையைப் பார்த்தார்.

"தனியாவா?"

"ஓம்."

தடுப்பார் என்று நினைத்தேன். தடுத்தால் சொல்ல வேண்டியதை நாலு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் படலையை அகலத் திறந்தார். "சந்தியில மெல்லப் போ" என்றார்.

மிளகாய்த் தோட்டங்களைத் தாண்டி, காற்றாலைகளைத் தாண்டிப் போனேன். கார் உதறவில்லை. உதறாததை என்னால் நம்ப முடியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினேன். பாலாவிச் சந்தியில் நிறுத்தினேன். லொறிகள் போய்க்கொண்டிருந்தன. இடைவெளி கிடைத்தது. காலை அழுத்தினேன். ஒரு நடுக்கமுமில்லாமல் கார் ரோட்டைக் கடந்து திரும்பியது. பின்னால் ஒருவர் ஹோர்ன் அடித்தார், நான் அழுதுகொண்டே மெதுவாகப் போனதற்காக இருக்கலாம்.

முந்தல் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் மையவாடி. தென்னங்காணிக்கு நடுவே, இடுப்பளவு மதில். முற்பகல் வெயில், ஒருவரும் இல்லை. காரை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றேன்.

எனக்கு முன்னே இருந்தவை மண்மேடுகள், வரிசை வரிசையாக. நாலு மாதத்துக்கு முந்தியது புதுசாகத் தெரியும் என்று என்னவோ எண்ணியிருந்தேன். அதற்குப் பிறகும் இந்த ஊரில் ஆட்கள் மௌத்தாகியிருக்கிறார்கள். புது மேடுகள் அவர்களுடையவை. முந்தியதெல்லாம் மழைக்கு இறங்கி, புல் பிடித்துக் கிடந்தது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் கட்டைகள், எதிலும் பெயர் இல்லை. கியர்பொக்ஸுக்குள் இருக்கிற விரலளவு குழாயைக்கூட யோசித்த நான் இதை யோசிக்கவேயில்லை. யாருக்கு ஸலாம் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

வேறு வழியில்லை. நானாவுக்குப் போன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"கார் நிண்டுட்டா?"

"இல்ல நானா. நல்லா ஓடிச்சி. மையவாடி வாசல்ல நிக்கிறன்."

மண்மேடுகளை இன்னொரு தடவை பார்த்தேன்.

"எது எண்டு தெரியல்ல நானா. எல்லாம் ஒரே மாதிரி இரிக்கி."

ஏசுவார் என்று காத்திருந்தேன். 

"பள்ளிப் பக்கத்து மதிலப் பாரு. ரெண்டு வேம்பு நிக்கிதா? பெரிய வேம்புக்கு இங்கால ஒரு குரோட்டன் கண்டு இரிக்கும். செவப்பு இலை. அதான்."

கண்டேன். முழங்கால் உயரத்தில் ஒரு செடி. இலைகள் தொங்கிக் கிடந்தன. வேம்பின் நிழல் அந்த மேட்டின் மேலே விழுந்திருந்தது.

"ஆர் நட்டது?"

"நான்தான்."

"ஆர் தண்ணி ஊத்துறது?"

"வெள்ளிக்கு வெள்ளி வாறன்."

வெள்ளிக்கிழமைகளில் அவர் மீன் கொண்டுவருவதில்லை. புத்தளத்தில் வேலை என்று சொல்லுவார். அவ்வளவு தூரம் வந்து, இந்த மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மறுநாள் என் குசினி வாசலில் வந்து ஒன்றும் தெரியாதவர் போல நின்றிருக்கிறார். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"எனக்கு ஒரு வார்த்த செல்லல்லியே நானா."

"சென்னா நீயும் வாறன் எண்டிருப்பா."

"ஓம். வந்திருப்பன்."

"அதான் செல்லல்ல."

 போனை வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். வைக்கவில்லை. அவர்தான் பேசினார்.

"போன வெள்ளி எனக்கு வரக் கிடைக்கல்ல. கண்டு வாடிப் போயிரிக்கும். அங்க ஆரும் நிக்கிறாங்களா?"

"ஆரும் இல்ல."

"வாசலுக்கு உள்ளுக்கு இடப்பக்கம் பைப் இரிக்கி. வாளியும் அங்கதான். நீ ஊத்திட்டு வா." பிறகு சொன்னார், "வாளி பாரம் புள்ள. அரைவாசி நிரப்பினாப் போதும்."

செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனேன். வாளியை முழுதாக நிரப்பினேன்.